உள்ளறையில் வைத்த பொரி

எங்கள் கல்லூரித் தாவரவியல் துறையில் ஒரு கதை உண்டு. ஆயுத பூஜை நெருங்கும்போது மூத்த பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அதைச் சொல்வார்கள். முன்னே இங்கே பேச்சியக்கா என்று ஒருத்தி வேலை பார்த்தாளாம். பாவம், எழுத்து வாசனை இல்லாதவளாம். பூசணமே அண்டக் கூடாத அறைக்குள் பொரிகடலை வைத்துச் சாமி கும்பிட்டாளாம். ஒரு பையனுடைய ஆராய்ச்சி அதோடு போயிற்றாம். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகு, "அவளுக்கு என்ன தெரியும், பாவம்" என்பார்கள்.

அந்தப் பேச்சியக்கா நான்தான். வேலையை விட்டு இறங்கி வருஷங்கள் ஆகின்றன. துறைக்கு நினைவு மலர் போடுகிறோம், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று இரண்டு பிள்ளைகள் வீட்டுக்கு வந்தார்கள். அதில் ஒருத்தி இந்தக் கதையை என்னிடமே சொன்னாள். "ஒங்களுக்கு அப்பம் இதெல்லாம் தெரியாதுல்லா ஆச்சி, வெசனப்படாதீங்க" என்று ஆறுதலும் சொன்னாள். அந்த ஆறுதல் எனக்குப் பொறுக்கவில்லை. சொல்ல மாட்டேன், நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. எழுத்துக் கூட்டி எழுதப் பல நாள் ஆயிற்று. பிழையைத் திருத்திக்கொள், விஷயத்தில் கை வைக்காதே என்று அந்தப் பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.

நான் பாளையங்கோட்டையில் அந்தக் கல்லூரிக்கு வந்தது வீட்டுக்காரர் தவறிய மறுவருஷம். கூட்டுவதற்குத்தான் எடுத்தார்கள். பிறகு கண்ணாடிச் சாமான் கழுவப் போட்டார்கள். பிறகு வேலை நிரந்தரம் ஆயிற்று. கழுவுவது என்றால் பலருக்கு இளக்காரம். நான் கழுவின குடுவையில் தண்ணீரை ஊற்றிக் கவிழ்த்தால் சொட்டுச்சொட்டாக ஒட்டி நிற்காது. ஒரே படலமாக வழுக்கிக்கொண்டு இறங்கும். அப்படி இறங்கினால்தான் சுத்தம். சொட்டு நின்றால் அங்கே பிசுக்கு இருக்கிறது என்று அர்த்தம். என் கைப்பட்ட கண்ணாடியில் சொட்டு நின்றதாக ஒருவரும் சொன்னதில்லை.

துறைக்குத் தலைவராக இருந்தவர் சிவகாமி அம்மா. பிள்ளைகளுக்கு மேடம், எனக்கு அம்மா. ஒரு காலத்தில் வயலும் வில்வண்டியுமாக இருந்த சைவக் குடும்பம். நெற்றியில் ஒரு கீற்றுத் திருநீறு, பருத்திச் சேலை, சத்தமே வராத செருப்பு. அவர் யாரையும் ஏசிப் பார்த்ததில்லை. கோபம் வந்தால் கேள்வி கேட்பார், அவ்வளவுதான். கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருப்பார். பதில் வருகிறவரை துடைப்பு நிற்காது. அதற்கு நாலு அறை வாங்கியிருக்கலாம் என்று பிள்ளைகள் சொல்வார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் மகாராஜன் வந்தான். களக்காட்டுப் பையன். அப்பாவுக்கு வாழைத் தோட்டம். சம்பளம் மாதிரி உதவித்தொகை வாங்கி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்ய வந்தவன். அவன் எடுத்துக்கொண்ட செடி சிறியாநங்கை. மலையடிவாரத்தில் கிடக்கும். விஷக்கடிக்குக் கொடுப்பார்கள், கசப்பு உச்சிக்கு ஏறும். பூஞ்சை வளர்க்கிற கூழுக்கு நான் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது அவனிடம் கேட்டேன்.

"சிறியாநங்கைல மருந்து இருக்குன்னு எங்க ஊரு ஆட்டுக்காரனுக்கே தெரியும். அதுல நீ என்னலே புதுசாத் தேடுத?"

"யக்கா, மருந்து பூராவும் செடியே செய்யுதுன்னு நெனச்சிட்டிருக்கோம். அதுக்குள்ள குடியிருக்குதவனும் செய்யுதான்."

"யாருலே குடியிருக்குதது?"

"பூஞ்சைதான். இலைக்குள்ள, தண்டுக்குள்ள, கண்ணுக்குத் தெரியாம இருக்கும். செடிய ஒண்ணும் செய்யாது. இருக்க எடம் குடுத்ததுக்கு மருந்து செஞ்சு குடுக்கும்."

"அப்பம் குடிக்கூலி ஒழுங்காக் குடுக்குத ஆளுதான்."

அவன் சிரித்தான். பிறகு சொன்னான்: அந்தப் பூஞ்சையை வெளியே எடுத்துக் குடுவையில் வளர்த்து, அது மருந்தையும் செய்துவிட்டால், மலையில் போய்ச் செடியை வேரோடு பிடுங்க வேண்டியதில்லை, பானையில் கஞ்சி மாதிரி மருந்தை வடித்துக்கொள்ளலாம். எனக்கு அது பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து அவன் வேலை என் வேலை என்று ஆனது.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று சொல்லுகிறேன். நான் அதில் பாதி ஆள். புள்ளி, பூச்சி, கிழிசல் இல்லாத இலையாகப் பறித்துக் காகிதக் கவரில் கொண்டுவர வேண்டும். பிளாஸ்டிக்கில் போட்டால் இலை வேர்த்துவிடும். வந்த அன்றைக்கே செய்ய வேண்டும். முதலில் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் மண் போகக் கழுவுவது என் பொறுப்பு. பிறகு உள்ளறை. அங்கே மரச் சட்டமும் கண்ணாடியுமாக ஒரு பெட்டி, உள்ளே கிருமியைக் கொல்ல ஒரு ஊதா விளக்கு. விளக்கை எரியவிட்டு, அணைத்து, ஸ்பிரிட்டால் துடைத்த பிறகுதான் கை நுழைக்கலாம். இலையை ஸ்பிரிட்டில் முக்கி, வெளுக்கிற பிளீச்சிங் தண்ணீரில் முக்கி, மறுபடி ஸ்பிரிட்டில் முக்கி, ஆவியில் வேகவைத்து ஆறின தண்ணீரில் அலச வேண்டும். இதெல்லாம் இலையின் மேலே இருக்கிற கிருமியைக் கொல்ல. மேலே இருப்பது சாக வேண்டும், உள்ளே இருப்பது பிழைக்க வேண்டும். நேரம் கூடினால் உள்ளே இருப்பவனும் செத்தான், குறைந்தால் மேலே இருப்பவனும் பிழைத்தான். அப்புறம் ஓரத்தை அறுத்து எறிந்துவிட்டு, நடுப்பாகத்தைச் சின்னத் துண்டாக்கி, தட்டில் உறைந்திருக்கிற கூழின் மேல் வைப்பார்கள். உருளைக்கிழங்கு வேகவைத்த சாற்றில் கடல்பாசி கலந்து ஊற்றிய கூழ், நான் காய்ச்சினது. "யக்கா, கிழங்கு இருக்கு, மசாலா எங்க?" என்று காயல்பட்டினத்துப் பிள்ளை பாத்திமா தினமும் கேட்பாள். நாலைந்து நாள் போனால் துண்டின் அறுத்த வாயிலிருந்து பஞ்சு மாதிரி வெளியே வரும். அதுதான் குடியிருக்கிறவன்.

இதில் இரண்டு காவல் உண்டு. கழுவின முழு இலையை ஒரு வெறும் தட்டில் அழுத்தி எடுத்துவிட வேண்டும். அந்தத் தடத்தில் ஏதாவது முளைத்தால் இலையின் மேல்புறம் சுத்தமில்லை. இன்னொரு வெறும் தட்டை, வேலை முடிகிறவரை பெட்டிக்குள் திறந்தே வைக்க வேண்டும். அதில் முளைத்தால் காற்று சுத்தமில்லை. அதற்குக் காற்றுத் தட்டு என்று பெயர்.

இனி அந்த ஆயுத பூஜை. அம்மா பூஜைக்கு முந்தின நாளே குலசேகரன்பட்டினத்துக்குக் கிளம்பினார், அங்கே தசராவுக்கு வேண்டுதல். போகும்போது என்னைக் கூப்பிட்டார்.

"பேச்சி, பூஜையெல்லாம் வெளிய கூடத்துல வச்சுக்கிடுங்க. உள்ளறையில வேண்டாம்."

"ஏம்மா?"

"பொரியிலயும் அவல்லயும் பூசணத்தோட பொடி இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. பறந்து உள்ள உக்காந்துக்கிடும்."

சரி என்றேன். இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அம்மா சொன்னது என் காதில் விழுந்தது. காரணமும் விளங்கியது. இலையைக் கழுவுகிறவளுக்கு அது விளங்காமல் போகுமா?

கூடத்தில் எழுத்தர் அண்ணாச்சி பூஜை போட்டார். தராசுக்கும் அடுப்புக்கும் சந்தனம், குங்குமம். நான் சுண்டல் கிண்டி வைத்துவிட்டுச் சுவரோரம் நின்றேன். எல்லாரும் போன பிறகு ஒரு தட்டில் பொரியும் அவலும் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனேன். பெட்டியைத் துடைத்து, சட்டத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பெட்டி மேலே பொரியைப் பரப்பி, எலுமிச்சம்பழம் வைத்து, சாம்பிராணி போட்டேன். சோறு போடுகிற பெட்டியை மூளியாக விடக்கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில்தான் எடுக்க வேண்டும் என்பது வழக்கம். ராத்திரி முழுக்க அங்கேயே இருந்தது.

மறுநாள் விஜயதசமி. அன்று தொடங்குகிற காரியம் விருத்தியாகும் என்று மகாராஜன் விடியலிலேயே இலை பறித்து, முதல் பஸ்ஸில் வந்துவிட்டான். நான் அதற்குள் எல்லாவற்றையும் எடுத்துத் துடைத்து ஊதா விளக்கையும் போட்டிருந்தேன். சட்டத்தில் குங்குமத்தைப் பார்த்து நின்றான்.

"யக்கா, மேடம் வேண்டாம்னாவள்லா?"

"தொடச்சாச்சுலே. நல்ல நாளும் அதுவுமா நிக்காத. ஆரம்பி."

அவன் தயங்கினான். பிறகு நான் எடுத்து வைத்திருந்த பொரியில் கொஞ்சம் வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். நல்ல நாள் என்று இலை அதிகம் கொண்டுவந்திருந்தான், தட்டு போதவில்லை. வெறும் தட்டாகக் கிடக்க வேண்டிய காற்றுத் தட்டிலும் இலையை வைத்துவிட்டான்.

அந்தத் தட்டுகளில் ஒன்றிரண்டில், இலைத்துண்டின் ஓரத்தை ஒட்டி, அதுவரை நாங்கள் பார்க்காத ஒன்று வந்தது. நீலப் பச்சையில் வெல்வெட்டு மாதிரி, மேலே பொன் நிறத்தில் நெய்த்துளி போல் துளித்துளியாகக் கசிவு. அதற்கு மஞ்சக்காரி என்று நாங்களே பெயர் வைத்தோம். புண்ணில் சீழ் பிடிக்க வைக்கிற கிருமியை ஒரு தட்டில் பாலாடை போலப் படரவிட்டு, நடுவில் மஞ்சக்காரியின் சாற்றை விட்டான். மறுநாள் பார்த்தால், சாற்றைச் சுற்றி மட்டும் கிருமியே இல்லை. நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டின மாதிரி தெளிவான வட்டம். அவ்வளவு பெரிய வட்டத்தை நான் பார்த்ததில்லை.

மகாராஜனின் அப்பா ரசகதலி வாழைத்தார் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு களக்காட்டிலிருந்து வந்தார். "எம்மா, ஒங்க புண்ணியத்துல பய மருந்து கண்டுபிடிச்சிட்டானாம்லா. உதவித்தொகை முடியதுக்குள்ள பட்டம் வந்திருமா? இல்லன்னா வாழைக்கு வந்திருலேன்னு சொல்லிட்டேன், எனக்கும் ஏலலை" என்றார். அம்மா சிரித்து வைத்தார், பதில் சொல்லவில்லை. அவர் போன பிறகு மகாராஜனிடம் சொன்னார்: "ஒரு தடவ வந்தவன் விருந்தாளி. திரும்பத் திரும்ப வந்தாத்தான் வீட்டுக்காரன். மறுபடி எடு."

மறுபடி எடுத்தான். அதே இடம், அதே செடி, இலையும் தண்டும். மஞ்சக்காரி வரவே இல்லை. மழைக்காலம் போனதாலாக இருக்கும் என்றான். வெயிலால் என்றான். மாதங்கள் போயின. ஆரம்பத்தில் எடுத்துப் பத்திரப்படுத்தியதை மட்டும் வைத்துக்கொண்டு, சாறு எடுப்பதும் பிரிப்பதுமாக இரவு பகல் பார்க்காமல் கிடந்தான். உதவித்தொகை தருகிறவர்களுக்கு அறிக்கையும் எழுதி அனுப்பினான். உதவித்தொகையில் பெரும்பங்குக் காலம் அதிலேயே கழிந்தது.

ஒரு நாள் ஊதா விளக்கு கெட்டுப்போய், மாற்றுவதற்காகப் பெட்டியை நகர்த்தினார்கள். பெட்டியின் மேல் சட்டத்துக்குப் பின்னால் ஒரு பள்ளம். அதில் நாலைந்து பொரி ஒட்டிக் கிடந்தது. பொரி என்றே தெரியவில்லை. நீலப் பச்சையில் வெல்வெட்டு, மேலே நெய்த்துளி.

அம்மா இடுக்கியைக் கேட்டார். ஒரு பொரியை எடுத்துப் புதுத் தட்டில் வைத்து மூடினார். அது வளர்கிற நாள்வரை எப்போதும் போல வந்தார், போனார். வளர்ந்த பிறகு அதையும் மஞ்சக்காரித் தட்டையும் பக்கத்தில் வைத்து, நுண்ணோக்கியில் ஒன்று மாற்றி ஒன்று நெடுநேரம் பார்த்தார்.

"வீட்டுப் பூசணம்தான்" என்றார். "மருந்து செய்யாம இல்ல. சீழுக்குப் பென்சிலின் ஊசி போடுதாங்களே, அந்தக் குடும்பம். ஒலகத்துக்கே பழசு."

மகாராஜன் நின்றுகொண்டிருந்தான். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"காத்துத் தட்டு வச்சியா?"

"இல்ல மேடம்."

"ஏன் வைக்கல?"

துடைப்பு நிற்கவில்லை.

"அது இல்லாமலேயே இலைக்குள்ள இருந்து வந்ததுன்னு எழுதுனியா?"

"ஆமா மேடம்."

"மறுபடி வரலைன்னதும் என்ன நெனச்ச?"

அவன் தலை தொங்கிப்போயிற்று. சொட்டுச் சொட்டாகக் கண்ணீர் கீழே விழுந்தது. நான் வாசலில் நின்றேன். அடுத்த கேள்வி எனக்கு என்று காத்திருந்தேன். வரவில்லை. நானே சொன்னேன், "நான்தாம்மா உள்ள வச்சேன்."

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "தெரியும் பேச்சி. நீ போய் எல்லாருக்கும் டீ சொல்லிட்டு வா."

டீ சொல்லப் போனேன். ஒரு ஆடு தோட்டத்தில் மேய்ந்துவிட்டால் ஆட்டையா கேட்பார்கள்? ஆட்டுக்காரனைத்தான் கேட்பார்கள். அன்றைக்கு நான் அந்த ஆடாகத்தான் இருந்தேன். இத்தனை வருஷம் சொட்டு நிற்காமல் கழுவின கைக்கு ஒரு கேள்வி கேட்கிற மதிப்புக்கூட இல்லை.

அதற்கப்புறம் கேலி தொடங்கியது. "யக்கா, வீட்டுல பொரி மிச்சமிருந்தாக் கொண்டாங்க, ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிருவோம்" என்றாள் பாத்திமா. வெறுப்பில்லாத கேலிதான். பூஜையன்று தன் பங்குச் சுண்டலைச் சாப்பிட்டவள்தான் அவளும். எழுத்தர் அண்ணாச்சி, "சவத்த விடு பேச்சி, படிச்சவனே கோட்டை விட்டுட்டான், ஒனக்கென்ன தெரியும்" என்றார். அதைக் கேட்டதும் கையிலிருந்த குடுவையைப் போட்டு உடைத்துவிடலாம் போல இருந்தது.

மகாராஜன் கேலியும் செய்யவில்லை, ஏசவும் இல்லை. ஒரு நாள் அவனுக்கென்று கழுவி அடுக்கி வைத்திருந்த தட்டுகளை எடுத்தான். குழாயடிக்குக் கொண்டுபோனான். என் கண்ணெதிரிலேயே ஒவ்வொன்றாகத் திரும்பக் கழுவினான். நான் பக்கத்தில் நின்றேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவன் பட்டம் வாங்குகிறவரை அவனுடைய கண்ணாடியை அவனேதான் கழுவினான். நான் வேறு பிள்ளைகளுக்குக் கழுவினேன்.

ஒரு சாயங்காலம் அம்மா தனியாக இருந்தபோது உள்ளே போனேன்.

"என்னைய ஏன்மா ஏசல?"

நிமிர்ந்து பார்த்தார். "ஒன்ன ஏசி என்ன செய்ய பேச்சி? பக்தியில செஞ்சிட்ட. வெவரம் தெரியாம நடந்தது."

"வெவரம் நீங்கதான சொன்னிய? பொடி பறக்கும்னு சொன்னிய. எனக்குக் காது கேக்கும்லா."

அம்மாவின் கை கண்ணாடிக்குப் போயிற்று. கழற்றவில்லை. "சரி, நீ போ" என்றார். நான் வந்துவிட்டேன்.

மகாராஜன் முதலிலிருந்து தொடங்கினான். உதவித்தொகை தீர்ந்தது. அப்பா ஒரு வருஷம் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லி, தார் விற்ற காசில் சாப்பாட்டுக்கு அனுப்பினார். பையன் மெலிந்து கழுத்தெலும்பு தெரிந்தது. இலைக்குள்ளிருந்து இந்தமுறை வந்தது சாம்பல் நிறத்தில் ஒன்று. அழகே இல்லை. ஊர்வது போல மெதுவாக வளர்ந்தது. ஆனால் வந்தது. மலையடிவாரத்து இலையிலும் வந்தது, பாபநாசத்துப் பக்கத்து இலையிலும் வந்தது, வெயிலிலும் மழையிலும் வந்தது. தடத் தட்டும் காற்றுத் தட்டும் ஒவ்வொரு முறையும் வெறுமையாகவே இருந்தன. கிருமித் தட்டில் அதன் சாற்றைச் சுற்றி விழுந்த கோட்டை நகக்கண் அளவுதான். அதை வைத்தே எழுதி முடித்தான்.

பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு அன்று கூடம் நிறைந்திருந்தது. மதுரையிலிருந்து ஒரு வயதான பேராசிரியர் கேள்வி கேட்க வந்திருந்தார். கடைசி வரிசையில் மகாராஜனின் அப்பா, புது வேட்டியின் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். நான் டீ டம்ளர்த் தட்டோடு வாசலில் நின்றேன். பேச்சு ஆங்கிலத்தில் போய்க்கொண்டிருந்தது. பெரியவர் பழைய அறிக்கையைப் புரட்டிக் காட்டி ஏதோ கேட்டார். மகாராஜன் எழுந்து, தப்பு என்னுடையது என்கிற மாதிரி மெல்லப் பதில் சொன்னான். முன் வரிசையில் யாரோ சிரித்தார்கள். பொரி என்ற சொல் காதில் விழுந்தது.

சிவகாமி அம்மா எழுந்தார். தமிழில் பேசினார்.

"காத்துத் தட்டு வைக்காதது இவன் தப்பு. ஊருக்குப் போயிட்டு வந்து அதப் பார்க்காதது என் தப்பு. உள்ளறையில பூஜை வேண்டாம்னு எங்க பேச்சியம்மாள்கிட்ட சொல்லியிருந்தேன். காரணத்தையும் சொல்லியிருந்தேன். தெரிஞ்சுதான் வச்சா. அது அவ தப்பு. மூணு பேரு தப்பு சேர்ந்துதான் அந்த அறிக்கை."

சிரிப்பு நின்றது. பெரியவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக வாசலைப் பார்த்தார்.

"யாரு பேச்சியம்மாள்?"

கூடமே திரும்பியது. களக்காட்டு அப்பாவும் திரும்பிப் பார்த்தார். அதுவரை அவருக்கு இது தெரியாது. எந்தப் பக்கம் ஓடலாம் என்று என் உடம்பு தேடியது. ஓடவில்லை.

"நான்தான்யா."

"மேடம் வேண்டாம்னு சொன்னது தெரியுமா?"

"தெரியும். ஏன் வேண்டாம்னும் தெரியும்."

"பிறகு ஏம்மா வச்சீங்க?"

அத்தனை நாளில் ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி.

"வீட்டுக்காரர் போன பொறவு நல்ல காரியத்துல எங்கனயும் என் கையால பொட்டு வைக்க விட மாட்டாவ. இங்கன கூடத்துலயும் அண்ணாச்சிதான் வைப்பாவ. அந்தப் பெட்டிக்கு மட்டுமாவது நான் வைக்கணும்னு ஆசையா இருந்துச்சு. வச்சேன். இந்தப் பயலுக்கு இம்புட்டு ஆகும்னு நெனைக்கல."

பெரியவர் என்னைப் பார்த்தபடி இருந்தார். பாவம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

"வச்சிருக்கக் கூடாது" என்றார்.

"ஆமாய்யா" என்றேன். "வச்சிருக்கக் கூடாது."

அவர் தலையை ஆட்டிவிட்டு, மகாராஜன் பக்கம் திரும்பி அடுத்த கேள்வியைக் கேட்டார். நான் முன் வரிசையிலிருந்து டீ கொடுக்க ஆரம்பித்தேன்.